அம்மா இடம் மாறிய திருநாள்

என் தம்பிக்குப் பல் முளைப்பதற்கு முன்பே எங்கள் வீட்டில் இரண்டு அடுப்பு எரிய ஆரம்பித்துவிட்டது. ஒன்று அம்மாவுடையது, இன்னொன்று அத்தையுடையது. சண்டை என்று எதுவும் நடக்கவில்லை. யாரும் குரலை உயர்த்தவில்லை. அதனால்தான் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சத்தம் போட்டால் கோபம் என்று தெரிந்துகொள்ளலாம். ஒரு வார்த்தை பேசாமல் கொல்லைப்புறத்தில் கல் கூட்டித் தனியாக உலை வைத்தால் அதற்கு என்ன பெயர்?

அப்போது எனக்கு ஒன்பது வயது. வெள்ளைக்காரர்கள் புதுச்சேரியை விட்டுப் போய் அதிக காலம் ஆகவில்லை. அப்பா அரசாங்க ஆபீசில் குமாஸ்தா. அதுவரை பிரெஞ்சில் எழுதிக்கொண்டிருந்தவர், அந்த வருஷம் சாயங்காலமானால் கூடத்தில் உட்கார்ந்து எங்களைப் போலவே இங்கிலீஷ் பாடம் படித்துக்கொண்டிருந்தார். அத்தை அப்பாவுக்கு மூத்தவள். மாமா சைகோனில் காய்ச்சல் கண்டு இறந்துபோனதும் எங்கள் வீட்டோடு வந்துவிட்டவள். விடியற்காலைப் பூசையை அவள் தவறவிட்டு நான் பார்த்ததில்லை. பீடத்துத் துணிகளுக்கு லேஸ் பின்னிக் கொடுப்பது அவள்தான். எனக்கு ஜெபமாலை சொல்லிக் கொடுத்ததும் அவள்தான். அம்மா அப்படியில்லை. ஜெபமாலையின் பாதியில் தூங்கி விழுவாள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு இரண்டாம் மணி அடித்த பிறகுதான் தலை வார உட்காருவாள். பக்தி என்றால் அத்தை, அடுப்பங்கரை என்றால் அம்மா என்று நான் மனதில் பிரித்து வைத்திருந்தேன்.

எங்கள் கோவில் சிலுவை வடிவத்தில் கட்டியது. நடுப்பகுதியிலும் வலது கையிலும் நாங்கள் உட்காருவோம். இடது கையில் வேறு ஆட்கள். அவர்களுக்குத் தனி வாசல் உண்டு. நன்மை என்கிற நற்கருணை அப்பத்தை வாங்கும்போதும் நாங்கள் பீடத்துக் கிராதியண்டை முழங்காலில் இருந்து வாங்கிக்கொண்டு திரும்பிய பிறகுதான் அவர்கள் எழுந்து வருவார்கள். ஒரு காலத்தில் இடையில் சுவரே இருந்ததாம். எப்போதோ இடித்துவிட்டார்களாம். அது நின்ற இடத்தில் தரைக்கல் மட்டும் வேறு நிறமாக இருக்கும். பிள்ளைகள் நாங்கள் அதைத் தாண்டமாட்டோம். தாண்டாதே என்று யாரும் எங்களிடம் சொன்னதாக நினைவில்லை. அவர்கள் யார், ஏன் அந்தப் பக்கம் உட்காருகிறார்கள் என்று நானும் கேட்டதில்லை. சம்மனசுகளுக்கு ஏன் இறக்கை இருக்கிறது என்று கேட்டேனா என்ன?

அந்த வருஷம் நான் முதல்முறையாக நன்மை வாங்க வேண்டும், புதுநன்மை என்போம். அதற்காகச் சாயங்காலங்களில் கன்னியர் மடத்துக்கு ஞானோபதேசம் படிக்கப் போவோம். சொல்லிக்கொடுத்த கன்னியாஸ்திரி காரைக்கால்காரர், மசேர் என்று கூப்பிடுவோம். ஒரு நாள் அவர் எங்களைக் கேட்டார்.

"சேசுநாதரோட ஆளுங்க யாருன்னு எத வெச்சுக் கண்டுபிடிப்பீங்க?"

சிலுவை போடுவதை வைத்து என்றாள் ஒருத்தி. கழுத்தில் உத்தரியம் இருக்கும் என்றாள் இன்னொருத்தி. வெள்ளிக்கிழமை கறி சாப்பிட மாட்டார்கள் என்று நான் சொன்னேன். மசேர் எல்லாவற்றுக்கும் இல்லையென்று தலையை ஆட்டிவிட்டார்.

"அதெல்லாம் யாரு வேணாலும் செய்யலாம். நம்மகூட வேதத்துல இருக்கிறவங்கள கூடப்பொறந்தவங்களா நெனச்சு நேசிக்கிறாங்களா, அத மட்டும் பாருங்க. அது இல்லன்னா மத்தது அத்தனையும் வேஷம்."

பரீட்சைக்குக் கேட்பார்கள் என்று நான் அதை அப்படியே மனப்பாடம் செய்துகொண்டேன்.

ஆனி மாதம் தேவநற்கருணைச் சுற்றுப்பிரகாரம் வந்தது. புதுநன்மைக்குப் படிக்கிற பெண்பிள்ளைகள் வெள்ளை கவுன் போட்டுக்கொண்டு நற்கருணைக்குப் பிடிக்கிற பட்டுக் குடைக்கு முன்னால் பூத் தூவிக்கொண்டு நடக்க வேண்டும். பிற்பகல் ஆகியும் வெயில் இறங்கவில்லை. தெருவில் கால் வைக்க முடியவில்லை. என் கூடைப் பூவை நான் அவசரப்பட்டு முதல் தெருவிலேயே தூவித் தீர்த்துவிட்டேன். மீதிப் பூ அம்மாவிடம் ஒரு துணிப்பையில் இருந்தது. அதை வாங்கிவரப் பின்னால் ஓடினேன்.

பெண்கள் வரிசையில் அம்மா இல்லை. தம்பி அழுததால் அவனுக்குப் பால் கொடுக்க ஒரு வீட்டு வாசலில் ஒதுங்கினவள் பின்தங்கிவிட்டாள் என்றார்கள். ஊர்வலத்தின் கடைசியில் இடப்பக்கத்து ஆட்கள் வருவார்கள். அவர்கள் வரிசையையும் தாண்டிப் போய்விட்டேன். அங்கே அவர்களில் ஒரு பெண் நடுத்தெருவில் விழுந்து கிடந்தாள். அவள் பக்கத்தில் ஒரு கைக்குழந்தை உடம்பு சிவக்கக் கத்திக்கொண்டிருந்தது. எங்கள் பக்கத்துப் பெண்கள் சிலர் சற்றுத் தள்ளி நின்றார்கள். ஒருத்தி கையில் தண்ணீர்ச் செம்பு இருந்தது. அதை அவள் கீழே வைத்துவிட்டு, அந்தப் பெண்ணின் ஆட்கள் யாராவது வந்து எடுக்கட்டும் என்று சுற்றிலும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அங்கே வந்து சேர்ந்த அம்மா என்னைப் பார்த்ததும் தம்பியைத் தூக்கி என் கையில் கொடுத்தாள். தரையில் உட்கார்ந்து அந்தப் பெண்ணின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். செம்பை எடுத்து அவள் முகத்தில் தண்ணீர் தெளித்து, உதட்டிலும் கொஞ்சம் ஊற்றினாள். அப்புறம் அந்தக் குழந்தையை எடுத்துக்கொண்டு சுவரைப் பார்க்கத் திரும்பி, முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள். குழந்தையின் கத்தல் சட்டென்று நின்றது.

அதே நேரத்தில் முன்னால், தெருவில் ஜோடித்திருந்த வழிப்பீடத்தில் மணி அடித்தார்கள். ஆசீர்வாதம். தெரு முழுக்க எல்லோரும் சுடுகிற தரையில் முழங்காலிட்டார்கள். நானும் தம்பியோடு முழங்காலிட்டேன். அம்மா மட்டும் நற்கருணைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். முதுகைக் காட்டுவது பாவம் என்று அத்தை சொல்லியிருக்கிறாள். அம்மாவைத் தொட்டுச் சொல்லலாமா வேண்டாமா என்று தெரியாமல் தம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

விழுந்தவள் பெயர் மதலேன் என்று அப்புறம்தான் தெரிந்தது. அவள் புருஷனுக்கு மில்லில் வேலை. அன்று அவன் ஷிப்டில் இருந்தான். அவளுடைய ஆட்கள் அவளை புஸ்புஸ் வண்டியில் தூக்கி உட்காரவைத்துப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டார்கள். குழந்தையை வாங்கிக்கொள்ள ஒரு பெரியவர் கையை நீட்டினார்.

"ஆஸ்பத்திரியில இத யாரு பாத்துப்பாங்க? நான் எடுத்துக்கிட்டுப் போறேன். அவ ஊட்டுக்காரரு வந்தாருன்னா எங்க ஊட்டுக்கு அனுப்புங்க" என்றாள் அம்மா.

பெரியவர் மற்றவர்கள் முகத்தைப் பார்த்தார். பிறகு நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். என் பூப்பை எங்கே போனது என்று கடைசிவரை தெரியவில்லை.

இருட்டுவதற்கு முன்பே மதலேனின் புருஷன் வந்தான். படி ஏறாமல் தெருவிலேயே நின்றான். விஷக்காய்ச்சலாம், ஆஸ்பத்திரியில் கிடக்க வேண்டுமாம்.

"வேற யாரும் இல்லம்மா. பசும்பால் குடுத்துப் பாக்குறேன். புள்ளையக் குடுங்க" என்றான்.

"இத்தினியூண்டு கொழந்தைக்குப் பசும்பாலா? அவ எழுந்து வர்ற வரைக்கும் இங்கயே இருக்கட்டும். நீங்க தெனம் வந்து பாத்துட்டுப் போங்க."

அவன் அம்மாவைப் பார்க்கவில்லை, கூடத்தில் இருந்த அப்பாவைப் பார்த்தான். அப்பா இங்கிலீஷ் புத்தகத்தைப் பார்த்தார். அத்தை உள்ளறையில் ஜெபமாலையை ஆரம்பித்துவிட்டாள். வழக்கத்தைவிடச் சத்தமாகச் சொன்னாள்.

அவன் போனதும் அத்தை வந்து நிலைப்படியில் நின்றாள். "தம்பி, நீ ஒண்ணும் சொல்ல மாட்டியா?" என்று அப்பாவைக் கேட்டாள்.

"காச்சக்காரி புள்ளக்கா. என்னான்னு சொல்றது?" என்றார் அப்பா.

"பணங்காசு குடு. ஆள வெச்சுப் பாக்கச் சொல்லு. யாரு வேணான்னது? மாருல போட்டுக்கிட்டா நம்ம புள்ள குடிக்கிற பாலாச்சே."

"ரெண்டு பேருக்கும் போதும் அண்ணி" என்றாள் அம்மா. அத்தை கேட்டது அதுவல்ல என்று எனக்கே லேசாகப் புரிந்தது. ஆனால் எதைக் கேட்டாள் என்று புரியவில்லை.

மறுநாள் காலையில் கொல்லைப்புறத்தில் புகை எழுந்தது. அத்தை தனியாகச் சமைத்துக்கொண்டிருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் குந்தினேன்.

"அவங்களும் நம்ம வேதந்தான அத்த?"

"வேதந்தான்."

"நன்மை வாங்குறாங்கல்ல?"

"வாங்குறாங்க."

"அப்புறம் இன்னா?"

அத்தை சுள்ளியை உள்ளே தள்ளினாள். "கோவில்ல வாங்குறது வேற, ஊட்டுல வாங்குறது வேற. நீ பெரியவளானா தெரியும். தள்ளிக் குந்து, பொறி தெறிக்கும்."

அவள் என்னிடம் கோபமாக இல்லை என்பதுதான் குழப்பமாக இருந்தது. முதல் பிடி சோற்றை எப்போதும் போல எனக்குத்தான் ஊட்டினாள். என் புதுநன்மை கவுனுக்கு லேஸ் பின்னுவதையும் நிறுத்தவில்லை. அப்பா காலையில் அம்மாவின் அடுப்பிலும் மதியம் அத்தையின் அடுப்பிலும் சாப்பிட்டார். நான் இரண்டிலும் சாப்பிட்டேன். மீன்குழம்பு அத்தையுடையதுதான் நன்றாக இருக்கும். அம்மாவின் பாலைக் குடித்த குழந்தை தீட்டு என்றால், பாலுக்குச் சொந்தக்காரியான அம்மா தீட்டா, அதே பாலைக் குடிக்கிற தம்பி தீட்டா, தம்பியைத் தூக்குகிற நான் எப்படி? அத்தை தம்பியைத் தூக்குவதை நிறுத்திவிட்டாள், என்னை நிறுத்தவில்லை. கணக்கு எனக்கு எந்தப் பக்கமிருந்தும் சரியாக வரவில்லை.

ஒரு நாள் மதியம் அம்மா குளிக்கப் போயிருந்தாள். கூடத்தில் தூளியில் கிடந்த மதலேனின் குழந்தை சிணுங்கியது. நான் தண்ணீர் குடிக்க வந்தவள் கதவோரம் நின்றுவிட்டேன். அத்தை தூணில் சாய்ந்து லேஸ் பின்னிக்கொண்டிருந்தாள். தூளியின் ஓரத்தில் ஆட்டுவதற்கு ஒரு கயிறு கட்டியிருக்கும். அந்தக் கயிற்றின் நுனியை அவள் கால் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டு ஆட்டிக்கொண்டிருந்தாள். வாய்க்குள் தேவமாதா பாட்டு ஒன்றை முணுமுணுத்தாள். கண் லேஸை விட்டு நகரவில்லை. கயிற்றுக்குத் தீட்டு இல்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு சத்தமில்லாமல் திரும்பிப் போனேன்.

புதுநன்மைக்கு முன்னால் முதல் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டியிருந்தது. பொய் சொன்னது, சீனி திருடியது எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, "எங்கம்மா ஆசீர்வாதம் குடுக்கச்சே முதுகக் காமிச்சு உக்காந்திருந்தாங்க சாமி. அதுவும் பாவமா?" என்று கேட்டேன்.

 வலைத்தடுப்புக்கு அந்தப் பக்கம் சாமியார் இருமினார். "உன் பாவத்த மட்டும் சொல்லும்மா" என்றார். அது பாவம் என்கிறாரா, இல்லை என்கிறாரா என்று தெரியாமலே வெளியே வந்தேன்.

ஆடி கடைசியில் மதலேன் வந்தாள். முடி கொட்டி, கன்னம் ஒட்டி, சேலைக்குள் ஆளே இல்லாதது போல இருந்தாள். அவளும் படி ஏறவில்லை.

"உள்ள வா மதலேன்" என்றாள் அம்மா.

"இருக்கட்டும்மா. இங்கயே நிக்கிறேன்."

அம்மா குழந்தையைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். குழந்தைக்குத் தன் தாயை அடையாளம் தெரியவில்லை. உதட்டைப் பிதுக்கிக்கொண்டு அம்மாவிடம் தாவியது. மதலேனின் முகம் போன போக்கை என்னால் பார்க்க முடியவில்லை. இத்தனை நாள் கழித்துப் பிள்ளையைப் பார்த்ததற்கு அவள் சிரிக்க வேண்டாமா என்று நினைத்தேன். அம்மா தடுமாறி, அவசரமாக, "ரெண்டு நாள்ல சரியாப் பூடும். வாசனை தெரிஞ்சிக்கும்" என்றாள்.

"நீங்க புள்ளையே குடுத்துட்டீங்க. நான் இன்னாத்தத் திருப்பிக் குடுக்கப் போறேன்?" என்றாள் மதலேன். அவள் குரலில் நன்றி மட்டும் இருந்ததாக எனக்குப் படவில்லை.

அம்மா கொஞ்சம் யோசித்தாள். "மாதா திருநாளுக்குப் பூசைக்கு வருவல்ல?"

"வருவேம்மா."

"உன் பக்கத்துல எனக்கு ஒரு எடம் வெய்யி."

மதலேன் பயந்துவிட்டாள். நன்றாக நினைவிருக்கிறது. யாராவது கேட்டுவிட்டார்களா என்று தெருவை இரண்டு பக்கமும் பார்த்தாள். "வேணாம்மா. அது வேணாம். எங்க ஆளுங்களே ஏசுவாங்க" என்று சொல்லிக்கொண்டே குழந்தையோடு வேகமாக நடந்தாள். அம்மா அவள் போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றாள். உள்ளே வந்ததும் மார்பில் பால் கட்டிக்கொண்டது என்று வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாள். அழுதாள் என்றுதான் நினைக்கிறேன். வலியினால் என்று சொன்னாள்.

தேவமாதா மோட்சத்துக்கு எழுந்தருளிய திருநாளன்று எங்களுக்குப் புதுநன்மை. கொடி ஏற்றுகிற சுதந்திர நாளும் அதுவே என்பதால் அப்பா விடிந்ததும் ஆபீசுக்குப் போய்விட்டார். அத்தை எனக்கு கவுனைப் போட்டு, முக்காட்டைக் குத்தி, மெழுகுவத்தியைக் கையில் கொடுத்து, நெற்றியில் முத்தமிட்டாள். "இன்னிக்கு உனக்கு வேற நெனப்பே வரக்கூடாது" என்றாள். நாங்கள் இருவரும் முன்னால் போனோம். அம்மா தம்பியைக் கிளப்பிக்கொண்டு பின்னால் வருவதாகச் சொன்னாள்.

புதுநன்மைப் பிள்ளைகளுக்கு முதல் வரிசை. அங்கிருந்து பார்த்தால் இடது கை நன்றாகத் தெரியும். லத்தீன் பாட்டு ஆரம்பித்த சமயத்தில் அந்தப் பக்கத்து வாசலில் அம்மா தெரிந்தாள். வாசல் தெரியாமல் வந்துவிட்டாள் என்று முதலில் நினைத்தேன். அவள் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நேராக நடந்து போய் மதலேனின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அங்கே இடம் எதுவும் வைத்திருக்கவில்லை. மதலேன் தலையைக் குனிந்துகொண்டு கல்லாகிவிட்டாள். அவளுக்கு அடுத்திருந்த கிழவி தன் பாயை இழுத்துக்கொண்டு நகர்ந்தாள். இந்தப் பக்கம் முணுமுணுப்பு கேட்டது. பின்னால் திரும்பி அத்தையைப் பார்த்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள். உதடு மட்டும் அசையவில்லை.

வேறு நினைப்பே வரக்கூடாத அந்த நாளில் எனக்கு வேறு நினைப்பு மட்டுமே வந்தது. வாங்கிய நன்மை நாக்கில் ஒட்டிக்கொண்டது ஒன்றுதான் ஞாபகம். நாங்களும் எங்கள் பக்கத்தவர்களும் வாங்கி முடித்துத் திரும்பினோம். கடைசியாக இடப்பக்கத்தவர்கள் எழுந்தார்கள். அவர்களோடு அம்மா வந்து கிராதியில் முழங்காலிட்டாள். சாமியார் அவளுக்கு முன்னால் வந்ததும் ஒரு நொடி நின்றார். பிறகு கொடுத்தார். அவளுக்கு அடுத்து மதலேனுக்குக் கொடுத்தார். மதலேனின் குழந்தை அந்த இடைவெளியில் கையை நீட்டி அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்தது.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் அம்மாவிடம் கேட்டேன். "நீ ஏம்மா அங்க போயி உக்காந்த?"

"எடம் இருந்துச்சு, உக்காந்தேன்."

எங்கள் பக்கத்தில்தான் நிறைய இடம் இருந்தது. அத்தைக்கு ஆத்திரமூட்டத்தான் அப்படிச் செய்தாள் என்று நான் முடிவு செய்தேன். ஆனால் அம்மாவின் முகம் யாரையும் ஜெயித்தவளின் முகமாக இல்லை. காய்ச்சல் விட்டவள் போல இருந்தது. அடுத்த வாரம் மசேரிடம் போய், எங்கள் அம்மா செய்தது சரியா தப்பா என்று கேட்டேன். அவர் என் தலையைத் தடவிவிட்டு, போய் விளையாடச் சொன்னார்.

அம்மா அதன் பிறகு எல்லா ஞாயிற்றுக்கிழமையும் அந்தப் பக்கம்தான் உட்கார்ந்தாள். சில மாதங்கள் போனதும் மதலேன் அவளுக்குப் பாயில் பாதியை விட ஆரம்பித்தாள். நான் அத்தையோடு வலப்பக்கம் இருந்தேன்.

அந்தத் திருநாளன்று அப்பா ஆபீசில் கொடியேற்றம் முடிந்து பாதிப் பூசையில்தான் வந்தார். அவர் வழக்கமாக உட்காரும் இடம் காலியாகவே இருந்தது. அங்கே வராமல் பெரிய வாசலை ஒட்டித் தீர்த்தத் தொட்டியருகே நின்றுவிட்டார். தாமதமாக வந்தவர் எல்லோரையும் தாண்டி வரக் கூச்சப்படுகிறார் என்று நினைத்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்களோடு ஒன்றாகத்தான் புறப்பட்டு வந்தார். வாசலில் அம்மா இடப்பக்கம் போனாள், அத்தையும் நானும் வலப்பக்கம் போனோம், அப்பா தொட்டியருகே நின்றார். பாட்டுப் பூசை முழுவதும் சுவரைக்கூடப் பிடிக்காமல் நின்றார். அதற்கடுத்த வாரமும் அப்படித்தான். வருஷக்கணக்கில் அப்படித்தான்.

"ஏன்ப்பா உக்கார மாட்டேன்றீங்க?" என்று ஒருமுறை கேட்டேன்.

"முட்டி வலிக்குதும்மா. உக்காந்தா எழுந்திரிக்க முடியல" என்றார்.

நான் நம்பினேன். பாவம், ஆபீசில் நாள் முழுக்க உட்கார்ந்து எழுதுகிறவர் என்று இரக்கப்பட்டேன். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் விளக்கெண்ணெயைச் சூடு செய்து அவர் கால்மாட்டில் உட்கார்ந்து முட்டியில் தேய்த்துவிடுவேன். அவரும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, எந்த முட்டி என்று சொல்லாமல், நான் எதைத் தொடுகிறேனோ அதை நீட்டிக் கொடுப்பார். உட்கார முடியாத அளவுக்கு வலிக்கிற காலோடு ஒரு மனிதர் முழுப் பூசையும் எப்படி நிற்கிறார் என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.